ஐப்பசிக்கு முன் கட்டி வைக்கும் வெள்ளப் பை

குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆற்றுப் பக்கம் எங்கள் வீடு. 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வந்த வெள்ளத்துக்கு அப்புறம், ஐப்பசி பிறக்கும் முன்பே பையைத் தயார் செய்துவிடுகிறேன்.

குடிதண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர்; மூன்று நாளுக்கு மூடியுள்ள கேன்களில் பிடித்து வையுங்கள். வெள்ளம் சூழ்ந்தால் போர் தண்ணீரில் சாக்கடை கலக்கலாம், காய்ச்சாமல் குடிக்காதீர்கள். சாப்பிட அடுப்பு தேவைப்படாத பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் போதும்.

மருந்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். அம்மாவின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை இரண்டையும் ஒரு வாரத்துக்கு வைக்கிறேன். அட்டையைத் துண்டு துண்டாக வெட்ட மாட்டேன். பெயரும் காலாவதித் தேதியும் தெரிய வேண்டும். மருந்துச் சீட்டின் நகல், நாலைந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கூடவே இருக்கும்.

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் தலைகீழாகச் செருகி ரப்பர் பேண்ட் போடுங்கள். டார்ச், பவர் பேங்க், சில்லறை நோட்டுகளும் வேண்டும்.

பையைப் பரணில் போடாதீர்கள், இருட்டில் எடுக்க முடியாது. வாசல் பக்கம் உயரமாக மாட்டுங்கள். கிளம்பும்போது சிலிண்டரை மூடுங்கள். தண்ணீர் உள்ளே வருமுன்பே, கை ஈரமில்லாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். உதவிக்கு 1077.