டின் காய்கறியில் சத்தான, சிக்கனமான சமையல்

டின்னில் இருப்பது பச்சைக் காய் அல்ல, ஏற்கெனவே வெந்த காய். பீன்ஸ், பட்டாணி, மக்காச்சோளம் போன்றவற்றை டின்னில் அடைத்து மூடிய பிறகு, 120 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் அழுத்தம் கொடுத்து வேகவைக்கிறார்கள். இதை மறந்துவிடுவதால்தான் டின் காய்ச் சமையல் பெரும்பாலும் சொதப்புகிறது. வெங்காயத்தோடு சேர்த்துக் கொட்டி இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் காய் குழைந்து, நிறம் மங்கி, எல்லாம் ஒரே ருசியாகிவிடும். வெங்காயம், பூண்டு, மசாலா ஆகியவற்றை முதலில் முழுமையாகச் சமைத்து முடியுங்கள். காயை அடுப்பை அணைக்க மூன்று, நான்கு நிமிடம் இருக்கும்போது சேர்த்தால் போதும். தக்காளியும் பயறு வகைகளும் மட்டும் இதற்கு விலக்கு.

சத்தெல்லாம் போய்விடும் என்ற பயம் பாதிதான் சரி. வைட்டமின் சி-யும் சில பி வைட்டமின்களும் வெப்பத்தில் குறைகின்றன, கொஞ்சம் டின் நீரிலும் கரைகின்றன. நார்ச்சத்தும் பயறுகளின் புரதமும் பெரிதாகக் குறைவதில்லை. தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீனைச் சமைத்து எண்ணெயோடு சாப்பிடும்போது உடல் இன்னும் நன்றாக உறிஞ்சுகிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது உப்பைத்தான்.

வாங்கும்போது லேபிளில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் பொருள் பட்டியல்: காய், தண்ணீர், உப்பு என்று முடிந்தால் நல்லது. சர்க்கரையோ கிரீமோ சேர்ந்த சாஸில் ஊறியதை விட்டுவிடலாம். அடுத்து சோடியம். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'உப்பு குறைக்கப்பட்டது' என்றால் வழக்கமான டின்னைவிடக் குறைவு என்றுதான் அர்த்தம், உப்பு குறைவான உணவு என்று அர்த்தம் இல்லை. 'உப்பு சேர்க்காதது' கிடைத்தால் அதையே எடுங்கள். மூன்றாவது, வடித்த எடை. 400 கிராம் பயறு டின்னில் தண்ணீர் போக 240 கிராம் அளவுதான் தேறும். விலையை இந்த எடைக்குக் கணக்கிட்டு ஒப்பிட்டால்தான் எது மலிவு என்று தெரியும்.

உப்பு நீரில் இருக்கும் பயறை வடிகட்டியில் கொட்டி, குழாய் நீரில் அலசி, இரண்டு நிமிடம் வடியவிட்டால் சோடியம் சுமார் 40 சதவீதம் குறையும். மற்ற காய்களில் அவ்வளவு குறையாது. ஆனாலும் அலசுவது நல்லது, டின் வாடையும் போய்விடும். தக்காளியை மட்டும் அலசக் கூடாது, அதன் சாறுதான் குழம்புக்குக் கெட்டித்தன்மை தரும்.

நான்கு பேருக்கு வயிறு நிறையும் கெட்டி சூப் ஒன்று. 400 கிராம் தக்காளி டின் ஒன்று, அதே அளவு ராஜ்மா அல்லது கொண்டைக்கடலை டின் ஒன்று, சிறிய மக்காச்சோள டின் ஒன்று, பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று, பூண்டு நான்கு பல், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, சீரகத்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை தேக்கரண்டி, தண்ணீர் அரை லிட்டர், எலுமிச்சை பாதி.

நடுத்தரத் தீயில் எண்ணெயைச் சூடாக்கி, நறுக்கிய வெங்காயத்தையும் கேரட்டையும் எட்டு நிமிடம் வதக்குங்கள். பூண்டு, சீரகம், மிளகு சேர்த்து ஒரு நிமிடம். பிறகு தக்காளியை மட்டும் கொட்டி, மசித்து, பத்துப் பன்னிரண்டு நிமிடம் எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை சுண்டவிடுங்கள். இந்தப் படியில் அவசரப்பட்டால் பச்சைப் புளிப்பு கடைசிவரை தங்கிவிடும். முழுத் தக்காளி டின் இதற்கு உகந்தது. துண்டுத் தக்காளியில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள், அதனால் அது எளிதில் கரையாது. அலசிய பயறில் கால் பங்கை மசித்து, மீதியை முழுதாகவே சேர்த்து, தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். மசித்த பயறே கெட்டித்தன்மை தரும், மாவு வேண்டாம். கடைசி மூன்று நிமிடத்தில் மக்காச்சோளம். ருசி பார்த்த பிறகே உப்பு. அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சை பிழியுங்கள். சப்பென்றிருந்தால் உப்பைக் கூட்டுவதற்கு முன் இன்னும் சில துளி எலுமிச்சை விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம். நுரைத்து அடங்கும், அதற்கு மேல் போட்டால் சோப்பு ருசி வந்துவிடும்.

வதக்கலுக்கு ஈரம்தான் எதிரி. அலசிய மக்காச்சோளத்தையோ பீன்ஸையோ துணியில் ஒற்றி உலர்த்தி, நன்கு காய்ந்த அகலமான வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு மூன்று நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடியில் பழுப்பு நிறம் ஏறிய பிறகே திருப்ப வேண்டும். குவித்துப் போட்டால் ஆவியில் புழுங்கிச் சொதசொதத்துவிடும். பசலைக்கீரை டின்னைக் கையால் இறுகப் பிழிந்து முட்டையோடு சேர்க்கலாம். மிகவும் மென்மையான பட்டாணியையும் கேரட்டையும் மசித்துச் சூப்பாக்குவதே நல்லது.

உப்பிய, கசியும், ஆழமாகத் துருப்பிடித்த டின்னையும், விளிம்பிலோ ஒட்டு ஓரத்திலோ நசுங்கிய டின்னையும் தொடவே வேண்டாம். திறக்கும்போது நீர் பீய்ச்சியடித்தால் உணவை அப்படியே தூக்கியெறியுங்கள், ருசி பார்த்துச் சோதிக்கவே கூடாது. பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் நஞ்சு இருந்தால், நாற்றமோ நிறமாற்றமோ காட்டாமலேயே சிறு அளவு உயிருக்கு ஆபத்தாகலாம்.

திறந்த டின்னில் மீந்ததைக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். அதற்குள் தீராது என்று தெரிந்தால், தக்காளி, மக்காச்சோளம், பயறு ஆகியவற்றை அன்றே சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைத்துவிடுங்கள். உருளைக்கிழங்கை உறைய வைக்காதீர்கள், உருகியதும் நீர்விட்டு மணல்போல் உதிரும்.