தாங்கி எடுத்த குழியில் மண் மாதிரி: அறிக்கையைப் பொய்யாக்கும் தவறுகள்

பெற்றோல் செட்டிலோ, ஜெனரேட்டர் வைத்திருந்த பழைய கட்டடத்திலோ நிலத்தடி எரிபொருள் தாங்கியைத் தூக்கியதும், கசிவு உண்டா என்று பார்க்க, குழியின் அடியில் தெரியும் மணலை அள்ளி ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அது தாங்கியைப் பதித்தபோது சுற்றிவரக் கொட்டிய நிரப்பு மணல். கசிந்த எரிபொருளில் பெரும்பகுதி அதனூடாக வடிந்து கீழே போயிருக்கும். நிரப்பு மணலைத் தாண்டி, கபுக் எனும் செம்பூரான் கல்லோ களியோ, இயற்கை மண் தொடங்கும் இடத்திலிருந்து 30 முதல் 60 செ.மீ. ஆழத்தில் எடுத்தால்தான் அந்த மாதிரிக்கு அர்த்தம் உண்டு.

தாங்கியில் ஓட்டையில்லை என்று நிம்மதியடைய வேண்டாம். குழாய் மூட்டுகளிலும், பவுசரிலிருந்து இறக்கும்போது வழிந்த வாய்க் குழாயடியிலும்தான் பெரும்பாலும் கசிவு அகப்படும். தாங்கியின் இரு முனைகள், வாய்க் குழாயின் கீழ், ஒவ்வொரு பம்பின் கீழ், குழாய்ப் பாதையில் ஏறக்குறைய 6 மீற்றருக்கு ஒன்று: இவ்வளவும் தேவை. செலவைக் குறைக்க நான்கு இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக்குவது மோசமான சிக்கனம். கெட்ட இடத்தின் அளவு நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். பெற்றோலில் உள்ள, எளிதில் ஆவியாகும் நச்சுப்பொருளான பென்சீனும் கலக்கும்போதே பறந்துவிடும்.

மாதிரிக்காகக் குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும், சுவரும் சரியும். பெக்கோவின் வாளியில் மண்ணை மேலே எடுத்து, இரும்பில் படாத நடுப்பகுதியிலிருந்து உடனே எடுங்கள்.

அதிகம் பிழைப்பது இதற்குப் பிறகுதான். பொலித்தீன் பைக்குள் போட்டு, மத்தியான வெயிலில் வாகனத்துக்குள் வைத்திருந்த மண்ணில் பென்சீனைத் தேடிப் பயனில்லை. முனை வெட்டிய சிரிஞ்சால் 5 கிராம் அளவு எடுத்து, ஆய்வுகூடம் மெதனோல் இட்டுத் தரும் 40 மி.லீ. கண்ணாடிக் குப்பிக்குள் நேரே தள்ளவேண்டும். மூடும்முன் மரையில் ஒட்டிய மண்துகளைத் துடைக்காவிட்டால் மூடி இறுகாது. பிறகு ஐஸ் பெட்டியில் 4 பாகை செல்சியஸ் அளவில். ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறையை மாற்றுங்கள். அதே வாகனத்தில் பெற்றோல் கான் வேண்டாம்.

எந்தச் சோதனை கேட்பது? டீசல் தாங்கிக்குப் பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் மட்டும் கேட்டால் சுத்தம் என்ற பதில் இலகுவாகக் கிடைக்கும். டீசலில் அவை குறைவு. மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபனையும், நப்தலீன் அடங்கிய பல்வளைய ஐதரோகாபன்களையும் சேருங்கள். கையால் பிடிக்கும் ஆவிமானியும் பெற்றோலை நன்றாகக் காட்டும், டீசலில் ஏமாற்றும். 2002க்கு முன் பெற்றோல் வைத்திருந்த தாங்கியென்றால் ஈயமும் பார்க்கவேண்டும். அதுவரை இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் விற்கப்பட்டது.

பேலியகொடை போன்ற களனி கங்கைத் தாழ்நிலங்களில் இன்னொரு சிக்கல். அங்குள்ள கறுப்பு முற்றா நிலக்கரி (மக்கிய தாவரங்களால் ஆன) மண்ணின் இயற்கைச் சேதனப் பொருட்களே ஐதரோகாபன் கணக்கில் ஏறிவிடும். சிலிக்கா ஜெல்லால் சுத்திகரித்த பின் அளக்கச் சொல்லுங்கள். தாங்கிக்கு அப்பால், மாசுபடாத இடத்து மண் ஒன்றையும் ஒப்பிட அனுப்புங்கள்.

குழியில் நீர் ஊறினால் மண் மாதிரி மட்டும் போதாது, நீரையும் சோதிக்கவேண்டும். எண்ணெய்ப் படலம் மிதக்கும் அந்த நீரை வடிகானுக்குள் பம்ப் பண்ணாதீர்கள். முடிந்தால் தென்மேற்குப் பருவமழைக்கு முன் வேலையை வையுங்கள்.

தோண்டிய மண்ணைத் தடித்த பொலித்தீனில் குவித்து மூடி வையுங்கள். காணி நிரப்பக் கேட்டு லொறி வந்தாலும் முடிவு கைக்கு வரும்வரை கொடுக்க வேண்டாம். மாசு உறுதியானால், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவரே அதை எடுத்துச் செல்லவேண்டும். சுவர் சரியுமென்று குழியை முன்கூட்டியே மூட நேர்ந்தால், அடியில் பொலித்தீன் விரித்து, ஒவ்வொரு மாதிரி எடுத்த இடத்தையும் மதிலிலிருந்து அளந்து வரைபடத்தில் குறித்த பிறகே மூடுங்கள்.