இஸ்ரவேலும் சபையும்: கடைசிக்காலப் பாடத்தை ஜெபக்கூட்டத்தில் எடுப்பது எப்படி?

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் வேதபாடம் எடுக்கிறவன் நான். கடைசிக்காலத்தில் இஸ்ரவேலுக்கு என்ன இடம், சபைக்கு என்ன இடம் என்ற இந்தப் பாடத்தை மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்; ஆண்களும் வந்து உட்காருவார்கள். அவசரமில்லாமல் பேசலாம்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆரம்பிக்க வேண்டாம். டிவி செய்தியில் ஆரம்பிக்கவே வேண்டாம். ரோமர் 9, 10, 11 மூன்று அதிகாரத்தையும் ஒரே அமர்வில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பவுல் அங்கே கால அட்டவணை போடவில்லை, சொந்த ஜனத்தை நினைத்துத் துக்கப்படுகிறார். அந்தத் துக்கம் கேட்கிறவர்களைத் தொடாமல் மேலே போனால், பாடம் வெறும் கணக்காகிவிடும்.

ஒலிவமரத்தில் கிளை ஒட்டுவதைச் சொல்லும் ரோமர் 11:17 வந்ததும் நிறுத்துங்கள். ஒலிவமரத்தை நம் ஊரில் பார்த்தவர்கள் இல்லை, ஆனால் ஒட்டு மாங்கன்று எல்லாருக்கும் தெரியும். நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றில் நல்ல ஜாதிக் குச்சியை ஒட்டுவோம். பவுல் சொல்வது தலைகீழ்: காட்டு மரத்துக் கிளையை நல்ல மரத்தில் ஒட்டுகிறார் தேவன். இது சுபாவத்துக்கு மாறானது என்று 24ஆம் வசனத்தில் அவரே சொல்கிறார். அந்தக் காட்டுக் கிளை, யூதரல்லாத புறஜாதியாரான நாம்தான். வேர் நம்மைத் தாங்குகிறது, அதனால் முறிந்த கிளைகளான, விசுவாசியாத யூதரைப் பார்த்துப் பெருமை பேச நமக்கு இடமில்லை. கூட்டத்தில் இருப்பவர்கள் இதைத் தங்கள் வாயால் சொல்லும்வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.

அப்புறம் சபைகளுக்குள் இருக்கும் வித்தியாசம். பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பலர் இஸ்ரவேல் வேறு, சபை வேறு என்று நம்புகிறார்கள். அவர்கள் சொல்வது: சபை முதலில் இரகசிய வருகையில், அதாவது உலகம் அறியாமல் கிறிஸ்து வரும்போது, வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும். பிறகு ஏழு வருட உபத்திரவகாலம், தானியேல் 9 சொல்லும் எழுபது வாரங்களில் மீதியிருக்கும் கடைசி வாரம் அதுதான் (ஒரு வாரம் என்பது ஏழு வருடம்). அப்புறம் கிறிஸ்து இறங்கி ஆயிரம் வருடம் அரசாளுவார். இதை முறைப்படுத்தியவர் 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரதரன் போதகர். 1909இல் விளக்கக் குறிப்புகளோடு வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் இதை எங்கும் பரப்பியது. 1948இல் இஸ்ரேல் நாடு உருவானது இவர்களில் பலருக்குப் பெரிய அடையாளம்.

சீர்திருத்த மரபில் வந்தவர்கள் பெரும்பாலும் தேவனுக்கு ஒரே ஜனம்தான் என்பார்கள். கிறிஸ்துவினுடையவர்களே ஆபிரகாமின் சந்ததி என்ற கலாத்தியர் 3:29தான் அவர்கள் ஆதாரம். ஆயிரம் வருடம் என்பது கிறிஸ்து இப்போது செய்யும் ஆளுகை என்று பலர் ஆதிச்சபைப் போதகர் அகஸ்டினைப் போலவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் ரோமர் 11:26ஐ வைத்து, யூதர்கள் திரளாகத் திரும்புவார்கள் என்று எதிர்பார்ப்பவர்கள் இவர்களிலும் உண்டு.

தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கத்தோலிக்கச் சொந்தங்களும் கூட்டத்துக்கு வருவார்கள். யூதரைக் கடவுளால் தள்ளப்பட்டவர்கள், சபிக்கப்பட்டவர்கள் என்று காட்டக்கூடாதென 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. கிறிஸ்துவின் மகிமையான வருகையை இஸ்ரவேல் அவரை ஏற்றுக்கொள்வதோடு சேர்த்தே அவர்களுடைய மறைக்கல்வி ஏடு பேசுகிறது.

ஒருவர் நம்பிக்கையை இன்னொருவரை விட்டுச் சொல்லவையுங்கள். "ஆமா, நாங்க நம்புறது இதுதான்" என்று அந்தச் சபைக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும், பிறகு விவாதம். என் நிலையைக் கேட்டால் ஒளிக்க மாட்டேன்: ரோமர் 11:29படி தேவன் யூதரை அழைத்த அழைப்பு மாறவில்லை, யூதருக்கும் நமக்கும் இரட்சகர் ஒருவரே.

"தம்பி, இஸ்ரேல் பக்கம் குண்டு விழுந்தா வருகை கிட்ட வந்துருச்சுன்னு அர்த்தமா?" என்று ஓர் அம்மா கட்டாயம் கேட்பார். அப்போஸ்தலர் 1:6-8ஐத் திறந்து காட்டுங்கள். ராஜ்யம் இஸ்ரவேலுக்கு எப்போது திரும்பும் என்று சீஷர்கள் கேட்டார்கள். காலத்தை அறிவது உங்களுக்குரியதல்ல என்று சொல்லி, சாட்சிகளாக இருக்கும்படி இயேசு அனுப்பினார். குண்டு விழும் இடத்தில் சாகிறவர்களில் குழந்தைகளும் உண்டு, பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் உண்டு. நம்மோடு கடலுக்குப் போகிற முஸ்லிம் சகோதரர்களின் மனசும் அங்கே நோகிறது. எந்த யுத்தத்துக்கும் ஜெபக்கூட்டத்தில் கைதட்ட விடாதீர்கள். இதில் நான் கண்டிப்பானவன்.

வெளிப்படுத்தின விசேஷம் 7ஐயும் 20ஐயும் உங்கள் பாடத்தின் கடைசி அமர்வுகளுக்கு வையுங்கள். 7ஆம் அதிகாரத்தில் முத்திரை போடப்படும் 1,44,000 பேர் யார் என்று கேட்பார்கள். யூதர்கள்தான் என்கிறார்கள் சிலர், முழுச் சபையும்தான் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் சொல்லிவிட்டு, யாராலும் எண்ண முடியாத கூட்டத்தைப் பற்றிய 7:9ஐயும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.