கண்ணுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு ரப்பர்: ஐகப் வாங்குவது, மாட்டுவது, பழகுவது

ஒரு தைப்பூசத்தன்று காலை, பினாங்குத் தண்ணீர்மலைப் படிக்கட்டின் அடியில் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தேன். வழக்கமான மெத்தென்ற உணர்வு இல்லை. ஏதோ கடினமாக இடித்தது. விரலால் தடவிப் பார்த்தால், கண் வைத்துப் பார்க்கும் துளையான வியூஃபைண்டரைச் சுற்றி இருந்த ரப்பரைக் காணோம். கூட்டத்தில் யாருடைய தோளிலோ பையிலோ உரசிக் கழன்று விழுந்திருக்க வேண்டும். அன்று முழுக்க வெறும் பிளாஸ்டிக் சட்டத்தில் மூக்குக்கண்ணாடியை அழுத்தியே படம் எடுத்தேன். இரவு வீட்டில் கண்ணாடியைத் துடைத்தபோது வலது பக்கத்தில், சரியாகப் பார்வை விழும் இடத்தில், பிறை வடிவில் ஒரு கீறல்.

கழன்று போன அந்த ரப்பரின் பெயர்தான் ஐகப். புதிதாகக் கேமரா வாங்குபவர்கள் லென்ஸைப் பற்றி நூறு கேள்வி கேட்பார்கள், இதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு மூன்று வேலைகள். முகத்துக்கும் கண்ணாடிக்கும் மெத்தையாக இருக்கிறது. பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தை மறைக்கிறது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: கேமராவுக்கு அது இன்னொரு பிடி. இரண்டு கையோடு புருவ எலும்பிலும் கேமரா பதிந்து நின்றால் ஆட்டம் குறையும். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குள் விளக்கு வெளிச்சத்தில் ஷட்டர் 1/15 விநாடிக்கு இறங்கும்போது இந்தப் பிடியின் அருமை தெரியும்.

முதல் படி: உங்கள் கண்ணிலிருந்து தொடங்குங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். படம் எடுக்கும்போது மூக்குக்கண்ணாடி போட்டிருப்பீர்களா, மாட்டீர்களா?

ஒவ்வொரு வியூஃபைண்டருக்கும் 'ஐபாயிண்ட்' என்று ஓர் அளவு உண்டு. கண் எவ்வளவு தூரம் விலகி இருந்தாலும் நான்கு மூலையும் சேர்ந்து முழுப் படமும் தெரியும் என்பதைச் சொல்லும் அளவு அது. நிக்கான் டி5600-இல் 17 மில்லிமீட்டர், டி750-இல் 21 மில்லிமீட்டர். கேமராவோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் உங்கள் மாடலுக்கான எண் இருக்கும். கண்ணாடி போட்டவருக்கு அந்தத் தூரத்தில் பாதிக்கு மேல் கண்ணாடியே எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஆழமான, நீளமான ஐகப்பை மாட்டினால் மூலைகள் இருட்டிவிடும். கீழே ஓடும் ஷட்டர், ஐஎஸ்ஓ எண்களும் தெரியாது.

ஆகவே கண்ணாடி போடுபவர்களுக்குத் தட்டையான, மென்மையான விளிம்புள்ள ஐகப்தான் சரி. கேமராவோடு வருவதே பெரும்பாலும் போதும். கண்ணாடி போடாதவர்கள் புருவத்தை அணைத்துப் பிடிக்கும் ஆழமான வகையைத் தாராளமாக வாங்கலாம். பக்கவாட்டில் இறக்கை மாதிரி நீண்டிருக்கும் வகை வெயிலில் அருமையாக வேலை செய்யும். ஆனால் இடக்கண்ணால் பார்ப்பவர்கள் அதைத் திருப்பி மாட்ட முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். திருப்ப முடியாதென்றால் இறக்கை மூக்குப் பக்கம் வந்து நிற்கும்.

இரண்டாம் படி: மாடல் எண்ணைப் பிடியுங்கள்

'எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும்' என்று விற்பதை நம்ப வேண்டாம். என் தொலைந்த ரப்பருக்குப் பதிலாக ஒரு கடையில் அப்படித்தான் ஒன்றைக் கொடுத்தார்கள். மாட்டும்போது சரியாக உட்கார்ந்தது. இரண்டே நாளில் ஜெட்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது அதுவும் கழன்றது. நல்லவேளையாக, பலகையில் விழுந்த சத்தம் கேட்டது.

ஒரே கம்பெனிக்குள்ளேயே பள்ளம் வேறு, கொக்கி வேறு. கேனன் 1500டி-க்கு இஎஃப் என்ற வகை, 5டி மார்க் 4-க்கு இஜி. நிக்கான் டி5600-க்கு டிகே-25, டி7200-க்கு டிகே-23, டி750-க்கு டிகே-21. சோனி ஏ6000, ஏ6300-க்கு எஃப்டிஏ-இபி10, ஏ7 மூன்றாம் தலைமுறைக்கு எஃப்டிஏ-இபி18. உங்கள் மாடல் இதில் இல்லையென்றால் கையேட்டில் துணைக்கருவிகள் பட்டியலைப் பாருங்கள். எண்ணைப் போனில் குறித்துக்கொண்டு, அந்த எண்ணையே சொல்லிக் கேளுங்கள்.

வேறு கம்பெனி செய்த சிலிக்கான் ஐகப் வாங்கலாமா? தாராளமாக. உங்கள் மாடல் எண் போட்டு விற்பதாக இருந்தால் போதும். நம் ஊர் வியர்வையில் சிலிக்கான், ரப்பரைவிட முகத்தில் இதமாகவும் இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாக வாங்கி ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள். தைப்பூசம் மாதிரி ஒரு நாளின் நடுவில் எந்தக் கடையைத் தேடி ஓடுவது?

வாங்கும்போதே இரண்டு விஷயம் சோதியுங்கள். மடக்குத் திரை இருந்தால் அதை மேலே தூக்கிப் பாருங்கள். பெரிய ஐகப் வழியில் முட்டும். மிர்ரர்லெஸ் கேமராவில் (உள்ளே கண்ணாடி இல்லாமல், வியூஃபைண்டரிலும் சின்னத் திரையில் படம் காட்டும் வகை) வியூஃபைண்டருக்கு அருகே கண் வந்ததை உணரும் சின்ன சென்சார் இருக்கும். ஐகப்பின் விளிம்பு அதன்மேல் மடிந்தால், கண் இல்லாதபோதும் கண் இருப்பதாக நினைத்துப் பின்திரையை அணைத்துவிடும்.

மூன்றாம் படி: மாட்டுவது

பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் (லென்ஸ் வழி வரும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடி வியூஃபைண்டருக்குத் திருப்பும் வகை) பழைய ஐகப்பின் இரு பக்கத்தையும் கட்டைவிரல்களால் பிடித்து மேல்நோக்கித் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். நேராகப் பின்னால் இழுக்காதீர்கள், கொக்கி உடையும். பள்ளத்தில் சேர்ந்திருக்கும் தூசியை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, புதியதை மேலிருந்து கீழே இறக்குங்கள். அடி வரை போய் உட்கார வேண்டும். பிறகு விரலால் லேசாக மேலே தூக்கிப் பாருங்கள். எளிதாக நகர்ந்தால் பொருத்தம் சரியில்லை என்று அர்த்தம்.

நிக்கான் டி850 மாதிரி வட்டமான வியூஃபைண்டர் என்றால் திருகிப் பொருத்துவது. அதில் ஐபீஸ் ஷட்டரை, அதாவது வியூஃபைண்டரை உள்ளிருந்து மறைக்கும் மூடியை, மூடினால்தான் பூட்டு விடும்.

நான்காம் படி: டயாப்டர்

இதைச் செய்யாமல் 'என் கேமராவில் ஃபோகஸ் சரியில்லை' என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரம்தான் டயாப்டர். கேமராவை வெற்றுச் சுவரைப் பார்த்துப் பிடியுங்கள். காட்சியைப் பார்க்காதீர்கள், உள்ளே தெரியும் எண்களையும் ஃபோகஸ் புள்ளிகளையும் மட்டும் பாருங்கள். அவை கூர்மையாகும் வரை சக்கரத்தைத் திருப்புங்கள். கண்ணாடியோடு எடுப்பவர்கள் கண்ணாடியோடு, இல்லாமல் எடுப்பவர்கள் இல்லாமல்.

லேசான கிட்டப்பார்வை உள்ளவர்கள் டயாப்டரைத் திருப்பி, கண்ணாடி இல்லாமலே எடுக்கலாம். அப்போது ஆழமான ஐகப்பும் போடலாம். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்கு இது உதவாது, டயாப்டர் அதைச் சரிசெய்யாது.

ஐந்தாம் படி: கண்ணை வைக்கும் விதம்

கேமராவை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். முகத்தைக் கேமராவுக்குக் கொண்டுபோகாதீர்கள். கழுத்து நீண்டால் உடம்பு ஆடும். ஐகப்பின் மேல் விளிம்பு முதலில் புருவ எலும்பைத் தொடட்டும், பிறகு கீழ் விளிம்பு கன்னத்தில் படியட்டும். நான்கு மூலையும் ஒரே நேரத்தில் தெரிகிறதா? ஒரு மூலை இருட்டாக இருந்தால் கண் நடுவில் இல்லை, ஒரு முடி அளவு நகர்த்துங்கள். முழங்கைகள் விலாவில் ஒட்டட்டும். மூச்சை மெல்ல விட்டு, விடும் கடைசியில் ஷட்டரை அழுத்துங்கள்.

இடக்கண்ணால் பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. உங்கள் மூக்கு தொடுதிரையில் பட்டு ஃபோகஸ் புள்ளியை எங்கேயோ கொண்டுபோய்விடும். மெனுவில் தொடுபகுதியை மூக்கு படாத பாதிக்குச் சுருக்குங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்.

வெயிலில் ஒரு சோதனை: பகல் பன்னிரண்டு மணிக்கு சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து வியூஃபைண்டரில் பாருங்கள். பிறகு இடது கையைக் குடைமாதிரி ஐகப்பைச் சுற்றி வைத்துப் பாருங்கள். படம் பளிச்சென்று மாறினால் இன்னும் அணைப்பான ஐகப் வேண்டும். மாறாவிட்டால் இருப்பதே போதும்.

கண் வைக்காத நேரமும் முக்கியம்

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். எஸ்பிளனேடு கரையில் இரவில் டிரைபாட் போட்டு, கண் வைக்காமல் டைமரில் எடுத்தால் பின்னால் இருக்கும் தெருவிளக்கின் வெளிச்சம் வியூஃபைண்டர் வழியாக உள்ளே போகும். வெளிச்சம் அளக்கும் சென்சார் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கூடுதல் வெளிச்சம் இருப்பதாக நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். கேனன் கழுத்துவாரில் கோத்திருக்கும் ரப்பர் மூடி இதற்குத்தான்: ஐகப்பைக் கழற்றி, மூடியைப் போட்டு, பிறகு எடுங்கள். மிர்ரர்லெஸ்ஸில் இந்தப் பிரச்சினை இல்லை.

மிர்ரர்லெஸ்ஸுக்கு வேறு ஆபத்து. வியூஃபைண்டர் கண்ணாடி ஒரு பூதக்கண்ணாடி. ரதத்துக்காகக் காத்திருக்கும்போது கேமராவை அது வானத்தைப் பார்க்கும்படி வெயிலில் தொங்கவிட்டால், உள்ளே இருக்கும் சின்னத் திரையில் சூரியன் குவிந்து அதைச் சுட்டுவிடும். ஐகப் இதைத் தடுக்காது. கேமராவைத் திருப்பிப் போடுங்கள், அல்லது ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள்.

பராமரிப்பு சுலபம். வீட்டுக்கு வந்ததும் ஐகப்பைக் கழற்றி ஈரத் துணியால் துடையுங்கள். மடிப்புக்குள் திருநீறும் வியர்வையும் சேர்ந்து சாம்பல் நிறப் பசையாக ஒட்டியிருக்கும். அதைப் பல்குத்தும் குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி எடுக்கலாம். தின்னர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். கொசு மருந்து தடவிய கையோடும் தொடாதீர்கள், சில கொசு மருந்துகள் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டி, கேமராவை டிரை பாக்ஸுக்குள் (ஈரம் புகாத பெட்டி) வையுங்கள். ரப்பர் பிசுபிசுக்க ஆரம்பித்தாலோ, விளிம்பு வெடித்தாலோ, பையில் இருக்கும் இரண்டாவதை எடுத்து மாட்டிவிட்டு அன்றே இன்னொன்றுக்குச் சொல்லிவிடுங்கள்.