மலையகத்துக்கு விஞ்ஞானம் கற்பிக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஏதாவது ஒரு தொண்டர் குழு இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கு வருகிறது. நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் நாங்கள் ஒரு காலத்தில் ஆடிய அதே கூத்தை அவர்களும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. குடை கொண்டுவாருங்கள், அட்டைக்கடிக்குத் தயாராக வாருங்கள், வலயக் கல்விப் பணிமனையில் அனுமதி எடுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

விலை உயர்ந்த கருவியை அன்பளிப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

ஹட்டன் பக்கம் தரம் 11 வரை உள்ள ஒரு தோட்டப் பாடசாலை. வெளிநாட்டுக் குழு ஒன்று புத்தம்புது மின் நுணுக்குக்காட்டியோடு வந்து இறங்கியது. குத்துவிளக்கு, பதாகை, மாலை, பேச்சு, படம் எல்லாம் முடிந்து, பிள்ளைகள் வரிசையில் வந்து வெங்காயத்தோலை ஆளுக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தார்கள். குழு போனது, கருவி அலுமாரிக்குள் போனது. பிறகு ஒருநாள் நான் போய்க் கேட்டபோது டீச்சர் முதலில் சாவியைத் தேட வேண்டியிருந்தது. திறந்து பார்த்தால் வில்லை முழுக்கப் பூஞ்சணம்.

டீச்சரைக் குறை சொல்லாதீர்கள். பாடசாலைக்கு வரும் பொருள் பொருட்பதிவேட்டில் ஏறும். ஏறிய பொருள் வருடாந்தக் கணக்கெடுப்பில் கண்முன்னே இருக்க வேண்டும். உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர், அதைப் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்தவர். தன் சம்பளத்தை விழுங்கக்கூடிய ஒரு பொருளை வகுப்பு நிறையப் பிள்ளைகள் கையில் யார் கொடுப்பார்கள்? பூட்டி வைக்கத்தான் தோன்றும். மேற்குச் சரிவில் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. உடுப்பே காயாத மாதங்கள் அவை. காற்றுப் புகாத அலுமாரிக்குள் வில்லை என்ன ஆகும்?

இன்னொரு கூத்தும் உண்டு. கனடாவில் வாங்கும் கருவிகள் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. இங்கே 230. செருகிய அன்றே புகைந்துபோன ஒன்றையும் பார்த்திருக்கிறேன். அதையும் எறிய முடியாது, பதிவேட்டில் இருக்கிறதே!

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், உடைந்தாலும் தீர்ந்தாலும் யாரும் கேள்வி கேட்காத பொருளை வாங்குங்கள். சோதனைக்குழாய், நுணுக்குக்காட்டிக்கு வைக்கும் கண்ணாடி வழுக்கி, கைவில்லை, அயடீன், மதுசார விளக்குக்குத் திரி. அதற்கும் முன், என்ன தேவை என்று டீச்சரிடமே பட்டியல் கேளுங்கள். நுணுக்குக்காட்டிதான் வேண்டும் என்று அவர் சொன்னால், மின்சாரம் வேண்டாத கண்ணாடி வைத்த சாதாரண ரகம் போதும்.

காசே இல்லாமலும் பாடம் நடக்கும். இரண்டு கொழுந்து எடுங்கள். (தோட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் அது வேறு கதையாகிவிடும்.) ஒன்றை அப்படியே கசக்கி வையுங்கள். மற்றதைக் கொதிநீரில் முக்கி எடுத்துவிட்டுக் கசக்குங்கள். முதலாவது மெல்லப் பழுப்பாகும், இரண்டாவது பச்சையாகவே கிடக்கும். இலையை ஒட்சியேற்றிப் பழுப்பாக்கும் நொதியம் சூட்டில் செயலிழந்துவிட்டது. கறுப்புத் தேயிலையின் நிறமே இந்த ஒட்சியேற்றத்தால் வருவது. அம்மா கொழுந்து பறிக்கும் பிள்ளைக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் பிளேன்டீயில் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் வெளிறும், அப்பச்சோடா போட்டால் கறுக்கும். அமிலமா காரமா என்று நிறத்தால் சொல்லும் காட்டி என்றால் என்ன என்பதற்கு வேறு என்ன வேண்டும்?

தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்று அடித்துச் சொல்வது

நுவரெலியாவுக்கு மேலே ஒரு வகுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. வெப்பமானி 94க்குப் பக்கத்தில் நிற்கிறது, அசையவில்லை. பாடம் நடத்திய பல்கலைக்கழகத் தம்பி, "இது பழுது" என்று வேறொன்றை எடுத்தார். அதுவும் 94. "சேர், எங்க ஸ்கூல் சாமான் எல்லாம் இப்படித்தான்" என்று ஒரு பையன் சொல்ல, வகுப்பே சிரித்தது.

வெப்பமானியில் ஒரு கோளாறும் இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். வளிமண்டல அமுக்கம் குறைவு, அதனால் கொதிநிலையும் குறைவு. ஹட்டனில் 96க்குக் கிட்ட வரும். வீட்டில் பருப்பு வேக நேரமெடுப்பது ஏன் என்று கேட்டிருந்தால் பாடம் அங்கேயே முடிந்திருக்கும். வருவதற்கு முன் அந்த ஊரின் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சரை ஓரமாக உட்கார வைப்பது

நாளைக்கு நீங்கள் இருக்கமாட்டீர்கள். அவர் இருப்பார். பரிசோதனையை அவரே செய்யட்டும்.

"நீங்களும் டொக்டராகலாம்" பேச்சு

ஆகலாம்தான். ஆனால் எந்தப் பாடசாலையில் படித்து? தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. அதற்கு, உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ள 1ஏபி வகைப் பாடசாலைக்குப் போக வேண்டும். தமிழ்மொழிமூலம் அந்த வசதி உள்ளவை மலையகத்தில் கொஞ்சம்தான். சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்த பெண்பிள்ளை, பஸ் வசதியும் விடுதியும் இல்லாமல் கலைப்பிரிவுக்குப் போவது இங்கே புதிதில்லை. பேசுவதற்கு முதல் நாள் வலயத்தில் விசாரியுங்கள். எந்தப் பாடசாலை, என்ன பெறுபேறு கேட்கிறார்கள், விடுதி உண்டா, முதல் பஸ் எத்தனை மணிக்கு? இவற்றைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். பேச்சைச் சுருக்கிக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வருவது

வராதீர்கள். பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.