வீட்டுப் பக்கத்தில் ஃபிராக்கிங்: எந்தக் கதவைத் தட்டுவது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு வடக்கே வீடு வாங்கி இரண்டாவது வருடம், தபாலில் ஒரு தடிமனான உறை வந்தது. ஏதோ விளம்பரம் என்று குப்பையில் போட்டேன். மனைவிதான் எடுத்துப் பிரித்தாள். பின்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வயலில் எண்ணெய்க் கிணறுகள் தோண்டி ஃபிராக்கிங் (ரசாயனம் கலந்த தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்தி அடிப்பாறையைப் பிளக்கும் முறை) செய்ய ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறதாம். அன்று இரவே நகர மன்றத்துக்கு நான்கு பக்க மின்னஞ்சல் எழுதினேன். மூன்று வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: அந்த வயல் நகர எல்லைக்குள்ளேயே இல்லை.

அதனால் முதல் வேலை வரைபடம் பார்ப்பது. தபால் முகவரியில் ஊர்ப்பெயர் இருக்கிறது என்பதற்காக நிலம் அந்த ஊருக்குள் இருப்பதாகிவிடாது. கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சொத்துவரி மதிப்பீட்டு அலுவலகத் தளத்தில் மனை வரைபடம் கிடைக்கும். கிணறு வரப்போகிற மனையைத் தேடுங்கள். நகரத்துக்குள் இருந்தால் நகரம், வெளியே இருந்தால் கவுண்டி.

அப்புறம், உங்கள் மாநிலத்தில் உள்ளாட்சிக்கு எவ்வளவு அதிகாரம் மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். டெக்சாஸில் டென்டன் நகர மக்கள் 2014 நவம்பரில் வாக்களித்து ஃபிராக்கிங்கைத் தடை செய்தார்கள். அடுத்த மே மாதமே மாநிலம் ஹவுஸ் பில் 40 என்ற சட்டத்தைக் கொண்டுவந்து அதைச் செல்லாக்காசாக்கியது. ஜூனில் நகர மன்றமே தடையை வாபஸ் வாங்கிக்கொண்டது. அங்கே நகரத்திடம் கேட்க முடிவது சத்தம், விளக்கு, போக்குவரத்து, தீயணைப்பு, நியாயமான இடைவெளி போன்ற தரைக்கு மேலே உள்ள விஷயங்களைத்தான். கிணறு சம்பந்தப்பட்ட மற்றவற்றுக்கு ரயில்ரோடு கமிஷன் என்ற மாநில அமைப்பு (பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள், எண்ணெய், எரிவாயுவைக் கவனிப்பது அதுதான், இப்போது அதற்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லை). ஒஹாயோவிலும் 2015-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே நின்றது. நியூயார்க் நேர் எதிர். டிரைடன் என்ற சிற்றூர் நிலப் பயன்பாட்டு விதியை வைத்துப் போட்ட தடையை 2014-ல் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

எங்கள் கொலராடோ இரண்டையும் பார்த்துவிட்டது. லாங்மான்ட் மக்கள் 2012-ல் வாக்களித்துப் போட்ட தடையை மாநில உச்ச நீதிமன்றம் 2016-ல் ரத்து செய்தது. 2019-ல் செனட் பில் 181 வந்தபின் கதை மாறியது. கிணறு எங்கே வரலாம் என்பதில் நகரமும் கவுண்டியும் தலையிடலாம். மாநில விதியைவிடக் கடுமையாகவும் விதி போடலாம். ஆகவே 2019-க்கு முன் எழுதிய கட்டுரைகளைப் படித்து மனசு விட்டுவிடாதீர்கள். நான் ஒரு வாரம் அப்படித்தான் வீணாக்கினேன்.

இப்போது உங்கள் புகாரை இரண்டாகப் பிரியுங்கள். நான் ஒரு தாளின் நடுவே கோடு போட்டேன். இடது பக்கம் தரைக்கு மேலே: லாரி வரும் பாதை, இரவு வெளிச்சம், சத்தம், தூசி, நாற்றம். இவை கவுண்டிக்கு. வலது பக்கம் தரைக்குக் கீழே: கிணற்றின் இரும்புக்குழாய், சிமென்ட், அழுத்தம். இவை எரிசக்தி மற்றும் கார்பன் மேலாண்மை ஆணையம் என்ற மாநில அமைப்புக்கு. வீடுகளிலிருந்து 2,000 அடி என்ற மாநில இடைவெளி விதியும் அவர்களிடம்தான் இருக்கிறது. அதற்கு விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று வீட்டுக்காரர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் எழுதிக் கொடுக்கும் சம்மதம். யாராவது கையெழுத்து கேட்டு வந்தால் அது எதற்கான தாள் என்று முழுசாகப் படியுங்கள்.

கருத்து சொல்லக் கடைசி நாள் இரண்டு இடத்திலும் வேறு வேறாக இருக்கும். தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கவுண்டி விசாரணையில் எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். எனக்கு முன்னால் பேசியவர் பருவநிலை மாற்றம் பற்றி உருக்கமாகப் பேசினார், கைதட்டல் வாங்கினார். ஆனால் அனுமதித் தாளில் நிபந்தனையாக எழுதக்கூடிய எதையும் அவர் கேட்கவில்லை. நான் கேட்டவை மூன்று: பள்ளி விடும் நேரத்தில் எங்கள் தெருவில் லாரி வரக்கூடாது, வேலை முடியும்வரை சத்தத் தடுப்புச் சுவர் வேண்டும், இரவு பகலாக அழைக்க ஒரு தொலைபேசி எண் வேண்டும். மூன்றும் நிபந்தனையாக ஏறின. கிணறுகளும் வந்தன, அதை மறைக்கவில்லை.

வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். இங்கே நிலம் ஒருவருடையது, அடியில் இருக்கும் கனிமம் இன்னொருவருடையது என்பது சர்வசாதாரணம். எங்கள் பத்திரத்தில் கனிம உரிமையைப் பழைய உரிமையாளரே வைத்துக்கொண்டதாக ஒரு வரி இருந்தது. வாங்கும்போது கண்ணில் படவேயில்லை.

அனுமதி கிடைத்ததும் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஏபிஐ எண் என்று ஓர் அடையாள எண் தருவார்கள். அதை எழுதி வையுங்கள். ஃபிராக்கிங் முடிந்தபின் ஃபிராக்ஃபோகஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், உள்ளே செலுத்திய தண்ணீரின் அளவும் ரசாயனப் பட்டியலும் வரும். வணிக ரகசியம் என்று சில பெயர்களை மறைத்திருக்கவும் கூடும். மாநில ஆணையத்திடம் புகார் கொடுக்கும்போதும் அதே எண்ணைச் சொன்னால் எந்தக் கிணறு என்று அவர்கள் தேட வேண்டியதில்லை.