டேப்லெட்டில் காட்டும் ஸ்லைடுகளை பிடிஎஃப் ஆக மாற்றிக்கொள்ளுங்கள்

வாடிக்கையாளரிடம் டேப்லெட்டில் காட்டவிருக்கும் பவர்பாயிண்ட் கோப்பை, அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன்பே பிடிஎஃப் ஆக மாற்றி, டேப்லெட்டின் நினைவகத்திலேயே சேமித்து, ஒருமுறை ஏரோப்ளேன் மோடில் திறந்து பார்த்துவிடுங்கள். எழுத்துருக்கள் பிடிஎஃப் கோப்பினுள்ளேயே பதிந்துவிடுவதால், கணினியில் நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு டேப்லெட்டில் இல்லாவிட்டாலும் எழுத்துகள் உடைவதில்லை, அட்டவணைகளும் இடம் மாறுவதில்லை. இணையமே தேவைப்படாததால், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தகரக் கூரைப் பட்டறைக்குள்ளோ கிண்டியில் ஏதேனும் அடித்தள அறையிலோ சிக்னல் கிடைக்காமல் போனாலும் உங்கள் பேச்சு தடைபடாது. வண்ண அச்சுப் பிரதிகளுக்கு ஆகும் செலவும் மிச்சம்.

ஐபேட் திரைகள் பெரும்பாலும் 4:3 விகிதத்தை ஒட்டியவை என்பதால், 16:9 அளவிலான ஸ்லைடுகள் மேலும் கீழும் இடம் வீணாகி, சிறிய எழுத்துகளாகத் தெரியும். ஆகவே ஸ்லைடின் அளவை முதலிலேயே 4:3 என்று அமைப்பது நல்லது. எதிரே அமர்ந்திருக்கும் மூத்தவர்கள் கண்ணைச் சுருக்காமல் படிக்க வேண்டும் அல்லவா?

காணொளி, அனிமேஷன், அல்லது கூட்டத்திலேயே எண்களை மாற்றிக் கணக்கிட்டுக் காட்ட வேண்டிய எக்செல் தாள் இருந்தால் இம்முறை உதவாது. அவற்றுக்கு மூலக் கோப்பையே எடுத்துச் செல்ல வேண்டும்.